செக்கிங் அக்காவின் சிவப்பு அம்பு

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே! கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங் என்று எல்லாப் பிரிவுகளிலிருந்தும் மெஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அக்காவின் மகளே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நூற்றிருபது தையல் மெஷின் ஓடும் ஹாலில் இருபது வருடமாகக் கத்திப் பழகிய தொண்டை இது. எனக்கு ‘சைரன்’ என்று பெயர் வைத்தவர்களில் பாதிப் பேர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். யார் யார் என்றும் எனக்குத் தெரியும்! இன்று ஒருநாள் அந்தச் சைரன் நடுவில் கம்மிப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் செக்கிங் பிரிவின் தலைவி, நம் எல்லோருக்கும் செக்கிங் அக்கா, போன வியாழக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை லட்சம் சட்டைகளை அந்த விரல்கள் தடவிப் பார்த்திருக்கும்! அதைப் போட்டுக்கொண்டு நடப்பவர்களில் ஒருவருக்காவது அந்த விரல்களைத் தெரியுமா?

அவரைப் புகழ இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது, பல வருடமாக மண்டையைக் குடைந்த கேள்வி. தினமும் காலை ஏழு ஐம்பதிலிருந்து மணி அடிக்கும் எட்டு வரை, சாம்பிள் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தாரே, அந்தப் பத்து நிமிடம் உள்ளே என்னதான் நடந்தது?

“நல்லாத் தூங்குறாங்கப்பா” என்றார் நம் ஸ்டோர் கீப்பர். “முந்தின நாள் ரிஜெக்டை எண்ணுறாங்க” என்றார் அயர்ன் மாஸ்டர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எல்லாம் சும்மா பாவ்லா” என்று சொன்னேன். ஆமாம், இந்த வாய்தான் சொன்னது.

அப்புறம் எனக்கு ஒரு நாள் வந்தது. வேறு ஆர்டரின் அளவுச் சீட்டைப் பார்த்து, அறுநூறு சட்டைக்குப் பாக்கெட்டை அரை அங்குலம் கீழே வைக்கச் சொல்லிவிட்டேன். அறுநூறையும் பிரித்துத் தைக்க வேண்டும்! மாடிப்படியில் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன தம்பி எழுதுற?”

“நான் எதுக்கும் லாயக்கில்லக்கா. இருபது வருஷமா இவனுங்களை எல்லாம் வேஸ்ட்டு வேஸ்ட்டுன்னு கத்தினேன். பெரிய வேஸ்ட்டு நான்தான்.”

அவர் சமாதானம் சொல்லவில்லை. ஏப்ரன் பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். நம் தொழில் தெரியாத விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். சட்டையில் எந்த இடத்தில் குறையோ, அந்த இடத்தைக் காட்டும்படி அந்த அம்பை ஒட்டுவோம். தையல்காரர் அதைப் பார்த்து அந்த இடத்தை மட்டும் பிரித்துச் சரிசெய்வார்.

“தப்பு எங்கயோ அங்க ஒட்டு” என்றார் அக்கா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒன்றைப் பிய்த்து என் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டேன். அக்கா சிரித்தார் பாருங்கள், படிக்கட்டே அதிர்ந்தது!

“நெத்தியில ஒட்டினா எதைப்பா பிரிக்கிறது? எந்த டெய்லருக்குப் புரியும்? ஒழுங்காச் சொல்லு, தப்பு எங்க?”

“சீட்டுல ஆர்டர் நம்பரைப் பார்க்காம விட்டேன்.”

“பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு நிமிஷம்.”

“ரெண்டு நிமிஷத் தப்புக்கு நாப்பத்தாறு வயசு ஆளை மொத்தமா ரிஜெக்ட் பண்றியே, நீயெல்லாம் ஒரு சூப்பர்வைசரா? நாளைக்குக் காலையில சாம்பிள் ரூமுக்கு வா.”

போனேன். கண்ணை மூடினேன். என்ன தெரிந்தது? ஞானமா, ஒளியா? வீட்டில் கேஸை அணைத்தோமா என்ற சந்தேகம்தான் தெரிந்தது! அது முடிந்ததும் “நீ மக்கு, நீ மக்கு” என்று ஒரு குரல். அதைத் துரத்தப் பார்த்தேன், இன்னும் சத்தமாக வந்தது. அக்காவிடம் சொன்னேன்.

“துரத்தாதப்பா. மூச்சு போறதையும் வர்றதையும் கவனிச்சுக்கிட்டே, அதை டேபிள்ல விரிச்சுப் பாரு. யார் தைச்சது? இன்னிக்குத் தைச்சதா, பழைய சரக்கா?”

விரித்துப் பார்க்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அது என் கணக்கு வாத்தியாரின் குரல்! ஏழாம் வகுப்பில் அவர் தைத்துக் கொடுத்ததை முப்பத்தைந்து வருடமாக உள்ளே மாட்டிக்கொண்டு, அதே சரக்கை நான் உங்களுக்கும் விநியோகம் செய்திருக்கிறேன். யாரைப் பார்த்தெல்லாம் ‘வேஸ்ட்டு’ என்றேனோ, இந்த மேடையிலிருந்து மன்னிப்புக் கேட்கிறேன். இப்போதெல்லாம் “இந்தப் பட்டன் காஜா தள்ளியிருக்கு, பிரிச்சுப் போடு” என்று மட்டும்தானே சொல்கிறேன்? கத்தித்தான் சொல்கிறேன், அது வேறு விஷயம்.

ஆனால் என் கேள்வி தீரவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து அக்காவைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். கட்டை விரல் ஆள்காட்டி விரலை மெதுவாகத் தடவிக்கொண்டிருக்கும், தையலைத் தடவிப் பார்ப்பது மாதிரி. என்ன சரக்கு அது? இவ்வளவு அமைதியான மனுஷிக்குள் செக் பண்ண என்ன இருக்கிறது? “அக்கா, உங்களுக்கும் இப்படியெல்லாம் வருமா?” என்று கேட்டேன். “கண்ணை மூடு, ஒழுங்கா உட்காரு” என்றார்.

பதில் போன ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. துக்கம் கேட்கப் போன இடத்தில் மகளிடம் கேட்டேன். “தினமும் வரும் மாமா” என்றாள். “எந்திரிச்ச உடனே ‘உன்னால ஒண்ணும் ஆகாது’ன்னு ஒரு குரல் வருமாம். ஃபேக்டரியிலிருந்து வந்ததும் சொல்வாங்க, ‘இன்னிக்கும் வந்துச்சு, செக் பண்ணித் திருப்பி அனுப்பிட்டேன்’னு. புதன்கிழமைகூடச் சொன்னாங்க.”

இருபத்திரண்டு வருடம்! அது ஒருநாளும் நிற்கவில்லை. அந்த அமைதி பிறவியிலேயே வந்தது என்று நாம் நினைத்தோம். ஒவ்வொரு நாள் காலையிலும் உட்கார்ந்து அதைத் தயாரித்துக்கொண்டுதான் நம் முன்னால் வந்திருக்கிறார்.

அதோடு மகள் இன்னொன்றும் சொன்னாள். அதை இங்கே சொல்லலாமா என்று கேட்டேன், சரி என்று தலையாட்டினாள். புதன்கிழமை காலையில் அம்மா தோள் வலிக்கிறது என்றாராம். “தைலம் தேய்ச்சுக்கோம்மா” என்று சொல்லிவிட்டு இவள் வேலைக்குப் போய்விட்டாளாம். “நானெல்லாம் ஒரு பொண்ணா மாமா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடவில்லை, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று அப்பா சொல்கிறார்.

பாப்பா, இங்கே பார். தப்பே நடக்கவில்லை என்று உன்னிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். நான் அக்காவிடம் பழகியவன். வா, விரித்துப் பார்ப்போம். “இன்னும் வலிக்குதாம்மா?” என்று நீ இரண்டாவது தடவை கேட்கவில்லை. அம்பை அங்கே ஒட்டு, அந்த ஒரு கேள்வியில் ஒட்டு. அதே புதன்கிழமை, அக்கா இடது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முந்நூற்று எண்பது சட்டை பார்த்தார். பக்கத்து டேபிளில் நின்ற நான், ஏன் ஒற்றைக் கையால் செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எனக்கும் ஓர் அம்பு உண்டு. சட்டையில் அரை நூல் தொங்கினாலும் கண்டுபிடித்துவிடும் அக்கா, தன் வலியை மட்டும் பாஸ் பண்ணி அனுப்பிவிட்டார். அவருக்கும் ஓர் அம்பு உண்டு!

ஆனால் நெற்றியில் ஒட்டிக்கொள்ள உனக்கு உரிமை இல்லை பாப்பா. அது உன் அம்மாவின் டேபிளில் செல்லாது.

தோழர்களே, சாம்பிள் அறை இனி என்ன ஆகும் என்று நேற்று மேலாளர் கேட்டார். நான் பதில் சொல்கிறேன். நாளைக் காலை ஏழு ஐம்பதுக்குக் கதவு திறந்திருக்கும். சாவி என்னிடம் இருக்கிறது. இந்தச் சைரன் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்காரும், நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். நாளை மட்டுமா? நான் இந்த வாசலைத் தாண்டி வரும் கடைசி நாள் வரைக்கும்!

பாப்பா, உன் ஆபீஸ் பஸ் எட்டேகாலுக்குத்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். குரல் நாளைக்கும் வரும். நீயும் வா.