கேமராவுக்காக இன்னொரு மொட்டை

“போட்டோவுக்கோசரம் ரெண்டாவது தபா மொட்டை அடிக்கிறோம்னு சாமிகிட்ட எப்பிடிடா சொல்றது?”

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் தன் தம்பியைக் கேட்டாள். அவளுடைய குழந்தை அவன் மடியில் இருந்தது. நான் தெலுங்குப் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். எனக்குத் தெலுங்கு படிக்க வராது.

“வேண்டுதல்னு சொல்லுக்கா.”

“குவைத்துலேர்ந்து உன் மாமா அனுப்புன கேமரா. உள்ளாற ஒரே ரோலு, வேற போட முடியாது, எடுத்து முடிச்சா அப்பிடியே ஸ்டூடியோவுல குடுங்கன்னு போன்ல படிச்சிப் படிச்சிச் சொன்னாரு. நீ ஏன்டா ஒடைச்ச?”

“ஸ்டூடியோக்காரன் டப்பாவைத் திருப்பித் தரமாட்டானாம். கம்பெனிக்கு அனுப்பி உருக்கிடுவாங்களாம். ஃபாரின் பொருளுக்கா. வேற ரோலு போட்டுக்கலாம்னு நெம்புனேன்.”

“பட்டப்பகல்ல, வாசல்ல ஒக்காந்துக்கினு. ரோலுல வெளிச்சம் பட்டு, மொதல் மொட்டை படம் அத்தினியும் போச்சு.”

“வெளிச்சம் இல்லாம எப்பிடிக்கா நெம்புறது?”



“டப்பாவாவது இருக்குதா?”

“ஒடைஞ்சிடுச்சி. வுடுக்கா, வேற கேமரா வாங்கியாந்துக்கிறேன். மறுபடி தாய்மாமன் மடியிலதானே மொட்டை. மாமாவுக்கு என்னா தெரியப் போவுது?”

“முடி வளந்துடுச்சி, மறுபடி அடிக்கலாம். அவரு இன்னும் புள்ளையப் பாத்ததே இல்ல. பொக்கை வாயோட சிரிக்கிற படம் வேணும்னாரு. பல்லை என்னாடா பண்ணுவ?”

குழந்தை அவன் தோளுக்கு மேல் எட்டி என்னைப் பார்த்துச் சிரித்தது. கீழே இரண்டு, மேலே இரண்டு.

“சிரிக்காம பாத்துக்கறேன்கா,” என்றான் தம்பி.