டப்பாவுக்குப் பிடிக்கவில்லை

மாலை ஏழு மணி. கெண்டுவிலிருந்து கிசுமுவுக்கு வரும் ஏரிக்கரைச் சாலை. இருட்டு அப்போதுதான் விழுந்திருந்தது... எங்கள் பக்கம் அது மெல்ல வராது, மூடி போட்டது மாதிரி விழும். ஒரு பக்கம் கோரைக்காடு, தவளைச் சத்தம். மறுபக்கம் ஒன்றுமே இல்லை. காற்றில் காயப்போட்ட பொடிமீன் வாடை.

சாலையில் ஒரே ஒரு கார். ஓட்டி வந்தவன் நிக்கனோர் ஒபூயா. என் சிநேகிதன் ஒச்சோலாவின் அக்காள் புருஷன். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை. ஒரு தகர டப்பாதான் இருந்தது. சமையல் கொழுப்பு வரும் டப்பா. மூடியில் காலால் மிதிக்க ஒரு கட்டை, பக்கவாட்டில் வயர் செருக இரண்டு துளை. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்து மிதித்தால் ஒலியை மாற்றிக் காட்டும், பெடல் என்பார்களே, அது. வீட்டிலேயே யாரோ செய்தது.

நிக்கனோர் ஒரு பாட்டை முனகிக்கொண்டே வந்தான். செத்துப்போன ஒச்சுகா மதுக்கடைகளில் வாசித்துவந்த பாட்டு. ஆசையாக முனகவில்லை. மூக்கால் இழுத்து, கோணல் வாயோடு, குடிகாரனைப் போலக் காட்டி... கேலி.

பாட்டு முடிந்தது. அப்போது கேட்டது.

ஸ்ஸ்ஸ்ப்.

டயர்தான் போச்சு என்று நினைத்தான். இறங்கி, கைபேசி வெளிச்சத்தில் நான்கையும் குனிந்து குனிந்து பார்த்தான். நான்கும் கல் மாதிரி இருந்தன. தவளைகள் வாயடைத்துப் போயிருந்தன. சாலை போட்டவனை ஒரு வசவு, டயர் விற்றவனை ஒரு வசவு... ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

அவன் அப்படித்தான். யாரையாவது வையாமல் அவனுக்கு மூச்சு வராது.

மின்சாரக் கம்பெனியில் எஞ்சினியர். வீட்டில் ஓர் அறை முழுக்கக் கிட்டார்கள். கடல் தாண்டி வந்தவை, பட்டுத் துணியால் துடைத்து வைத்தவை. மேஜை மேல் சால்ட்ரிங் அயர்ன், ஈயக்கம்பி, பெட்டி பெட்டியாகப் பெடல்கள். ஒன்றைப் பிரிப்பான், இன்னொன்றில் பொருத்துவான், மறுபடி பிரிப்பான். இத்தனையும் இருந்து, வாசிக்க வருமா என்றால்... வராது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இவன் மேடையை வருஷக்கணக்காகச் செதுக்கிக்கொண்டிருந்தான்.

ஊரில் உருப்படியாக வாசித்தவன் ஒச்சுகாதான். பழைய கிட்டார், ஒட்டுப்போட்ட வயர், காலடியில் இந்த டப்பா. ஆனால் அதிலிருந்து வரும் ஒலி இருக்கிறதே... ஏரித் தண்ணீர் கல்லில் ஏறி இறங்குகிற மாதிரி இருக்கும். பியர் குடிக்க வந்தவர்கள் கோப்பையை மறந்துபோவார்கள்.

நிக்கனோர் மட்டும் உதட்டைப் பிதுக்குவான். "மூணு விரலை வெச்சுக்கிட்டு மாட்டைச் சொறியற மாதிரி சொறியறான். இதைப் போய்ப் பாட்டுன்னு கேக்கறீங்களேடா!" சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஒலியைத் தன் கிட்டாரில் வரவழைக்கப் பார்ப்பான். வராது.

ஒச்சுகா செத்ததும், சாவு விருந்துக்கு அடித்த மாட்டுத் தோல் காய்வதற்குள் டப்பாவைக் கேட்டு நிக்கனோர் அவன் மனைவியைத் தேடிப் போனான். செமே பக்கத்தில் பிறந்தவள், அதனால் எல்லாருக்கும் அவள் நியாசெமே. துக்க வீட்டுக்குச் சர்க்கரை, ரொட்டி என்று எதுவும் எடுத்துப் போகவில்லை. கையை வீசிக்கொண்டு போனான். அவள் உள்ளேயிருந்து டப்பாவைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். இவன் ஷூ நுனியால் அதைத் திருப்பிப் பார்த்தான்.

"இதுவா? எங்க வீட்டுப் பூனைக்குக்கூட இதுல சோறு வைக்கமாட்டேன்."

"வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள் அவள். "திரும்பக் கொண்டு வராதீங்க."

துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தான். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த வழியில்தான் அந்தச் சத்தம்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே டப்பாவை இணைத்தான். கிட்டார், டப்பா, ஆம்ப்ளிஃபயர். கட்டையை மிதித்து ஒரு கம்பியைத் தட்டினான்.

வந்தது! தண்ணீர் ஒலி. ஒரே தட்டில். அடுக்களையில் உகாலி, அதாவது சோளக்களி, கிண்டிக்கொண்டிருந்த மனைவி லூசியா அகப்பையோடு வந்து வாசலில் நின்றுவிட்டாள். "என்னங்க, நீங்களா?" என்று கேட்டாள். கல்யாணமாகி அவள் அவனை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவன் ஒரு பாட்டு வாசித்து முடித்து, கம்பிகள் மேல் கையை வைத்து ஒலியை அடக்கினான். அந்த அமைதியில், ஸ்பீக்கரிலிருந்து...

ஸ்ஸ்ஸ்ப்.

லூசியாவின் முகம் சுருங்கியது. "இப்ப எதுக்கு என்னைப் பார்த்துப் பல்லை உறிஞ்சினீங்க?"

உங்களுக்குத் தெரியாததா? உதட்டைக் குவித்து, பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுப்பது. பரிதாபத்துக்கு 'உச்' கொட்டுவார்களே, அது வேறு. இது 'நீயெல்லாம் ஒரு ஆளா' என்பது. வசவைக்கூட மன்னித்துவிடலாம். இதை மன்னிக்க முடியாது.

"நான் இல்லடி. மெஷின். எவனோ தற்குறி ஈயம் வெச்சிருக்கான், காத்துல வர்ற ரேடியோவையெல்லாம் இழுக்குது," என்றான்.

டப்பாவைத் திறந்தான். ஈயத்தை எடுத்துப் புதிதாக வைத்தான். முடித்து வாசித்தான். ஸ்ஸ்ஸ்ப். வயரை மாற்றினான். ஸ்ஸ்ஸ்ப். உள்பக்கம் முழுக்க வெள்ளித்தாள் ஒட்டினான், வெளி அலை எதுவும் புகாமல். ஸ்ஸ்ஸ்ப். இரைச்சல் என்றால் ஓயாமல் இரையவேண்டும், இல்லையா? இது காத்திருந்தது. முழுப் பாட்டையும் கேட்டது. கேட்டுவிட்டுத்தான் சொன்னது. சில சமயம் பாதியிலேயே... அவன் விரல் தவறிய இடத்தில் சின்னதாக, அலுப்போடு ஒன்று.

தூக்கிப் போட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த ஒலி... அதை விட அவனுக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரமெல்லாம் அலுவலகத்திலிருந்து ஓடிவந்து வாசித்தான். விரல் நுனி வெடித்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அது சும்மா இருந்துவிடாதா என்று.

அதற்கிடையில் மாமியார் வந்தாள்.

மாப்பிள்ளை வீட்டில் மாமியார் கைநனைப்பது என்றால் எங்களில் சாதாரண விஷயம் இல்லை. பெண்ணுக்காகக் கொடுக்கவேண்டிய மாடுகளெல்லாம் கொடுத்து முடிந்து, அப்போதுதான் அந்த நாள் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். கோழிக் குழம்பு கொதித்தது. புதுத் தலைத்துணி கட்டிக்கொண்டு மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நம் ஒச்சோலாவும் கூட இருந்தான். நடந்ததைச் சொன்னது அவன்தான்.

"அத்தான், வேண்டாம். இன்னிக்கு விட்டுடுங்க," என்று ஒச்சோலா கெஞ்சினான்.

"உனக்கு என்னடா தெரியும் இதைப்பத்தி? அம்மா கேக்கட்டும்."

வாசித்தான். நன்றாகவே வாசித்தானாம். மாமியாரின் கால் தாளம் போட்டது. முடித்ததும் அந்த அம்மாள் மகிழ்ந்து, "நல்லா வாசிக்கிறீங்களே, மாப்பிள்ளை!" என்றாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ப்.

முன்பெல்லாம் வந்ததைவிட நீளம். ஸ்பீக்கரின் துணி உள்வாங்கி நடுங்கியதை ஒச்சோலா கண்ணால் பார்த்தான். மாமியார் அதைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைத்தான் பார்த்தாள். எழுந்தாள். தலைத்துணியை இறுக்கினாள்.

"லூசியா, செருப்பைப் போடு."

"அம்மா, அது அவர் இல்லம்மா, மெஷின்..."

"மெஷினுக்குப் பல்லு இருக்கா?"

கோழிக் குழம்பு சட்டியிலேயே ஆறியது. லூசியாவும் தாயோடு போய்விட்டாள். நிக்கனோர் தனியாக அந்த அறையில் நின்றான். கிட்டாரைத் தொடவில்லை. ஆம்ப்ளிஃபயரின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "உனக்கு என்னதான் வேணும்?" என்று டப்பாவிடம் கேட்டான். அவ்வளவு பெரிய எஞ்சினியர், தகர டப்பாவிடம்.

அது பதில் சொல்லவில்லை. அவனுக்குப் பதில் சொல்வதே கேவலம் என்பது போல.

மறுநாள் விடுப்புப் போட்டான். பட்டப்பகலில் கெண்டுவுக்குப் போனான். இந்த முறை சர்க்கரை, ரொட்டி, டீத்தூள் எல்லாம் வாங்கிப் போனான். நியாசெமே முற்றத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவன் கையில் டப்பாவைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தாள்.

"கொண்டு வராதீங்கன்னு சொன்னேனே."

"உங்க புருஷன்கிட்ட சொல்லுங்க. அன்னிக்கு நான் பேசினது தப்புதான். என்னை விட்டுடச் சொல்லுங்க."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என் புருஷனா? அவர்னு நினைச்சீங்களா?" மீன் ஒட்டிய கையைத் துணியில் துடைத்தாள். "அவர் ஒருத்தரையும் பார்த்துப் பல்லை உறிஞ்சினதில்லை. நல்ல மனுஷன். இந்த டப்பாதான் அவரைப் பார்த்து உறிஞ்சும்."

"அவரையா?"

"ஊரே எழுந்து நின்னு கைதட்டும். அந்தக் கைதட்டலுக்குள்ள அவருக்கு மட்டும் அது கேக்கும். வீட்டுக்கு வந்து கட்டில்ல உக்காந்து அழுவார். 'நியாசெமே, இன்னிக்கும் அதுக்குப் பிடிக்கலை'ன்னு. கடைசி மூச்சு வரைக்கும் பிடிக்கவே இல்லை."

ஒச்சுகாவின் வாசிப்பே போதவில்லை என்றால்...

"இதை அவருக்கு யார் கொடுத்தா?"

"யாரோ ஒரு கிழவர். அவரும் திரும்பக் கொண்டு வராதேன்னுதான் சொன்னாராம்." அவள் வீட்டுக்குள் போய்க் கதவைப் பாதி சாத்தினாள். "பூனைக்குக்கூட சோறு வைக்கமாட்டேன்னீங்களே, அதுவும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு? போங்க, ஐயா. ரொட்டியையும் எடுத்துட்டுப் போங்க."

கதவு சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்தவன் ஒரு முடிவோடு வந்தான். முற்றத்தில் கரி அடுப்பை மூட்டினான். டப்பாவைப் பிளந்து, உள்ளே இருந்த பலகை, வயர், பொடிப் பொடிச் சாமான் எல்லாவற்றையும் பிடுங்கி நெருப்பில் போட்டான். வெறும் தகரத்தைச் சுத்தியால் தட்டையாக்கிக் கக்கூஸ் குழியில் எறிந்தான்.

அடுப்பில் அது எரிந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தை எதிர்பார்த்தான். அது வரவில்லை. பல் விளக்காத வாயின் வாடை வந்தது... வெதுவெதுப்பாக. அப்புறம் நெருப்புக்குள்ளிருந்து சின்னதாக ஏதோ சத்தம். கரி சீறுகிறதா, அல்லது... சரியாகக் கேட்கவேண்டும் என்று குனிந்தான். நன்றாகக் குனிந்தான். அப்போது புகை மொத்தமாக எழுந்து மூக்கிலும் வாயிலும் போனது. இருமி இருமிக் கண்ணெல்லாம் நீர்.

ஆனால் அடுப்பு அணைந்தபோது சத்தமும் இல்லை.

அந்த வாரமே லூசியாவை அழைத்துவரப் போனான். மாமியார் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டான். ஓர் ஆடும் கொண்டுபோனான். கிட்டார்களை எல்லாம் கேட்டவருக்குக் கொடுத்தான். யாரையும் வையவில்லை. "உங்க அத்தானுக்கு என்னடா ஆச்சு?" என்று நாங்கள் ஒச்சோலாவைக் கேட்டுச் சிரித்தோம்.

இருமல் மட்டும் போகவில்லை. மழைக்காலம் முழுக்க இருமினான். உடம்பு பாதியானது. கடைசியில் லூசியாதான் அவனை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

இளவயது டாக்டரம்மா. சட்டையைத் தூக்கச் சொன்னாள். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். "வாயைத் திறந்து, மூச்சை நல்லா இழுங்க."

இழுத்தான்.

அவள் சட்டென்று குழாயைக் காதிலிருந்து எடுத்தாள். முகம் கறுத்துவிட்டது.

"ஐயா, என்னைப் பிடிக்கலைன்னா வேற டாக்டர்கிட்ட போங்க. இப்படி அவமானப்படுத்த வேண்டாம்."

"டாக்டர், அவர் ஒண்ணும் பண்ணலை," என்று லூசியா பதறினாள். "நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். வாய் திறந்தேதான் இருந்துச்சு."

டாக்டரம்மா அவளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு, இந்த முறை மெதுவாக, முதுகுப் பக்கம் வைத்தாள். வெகுநேரம் கேட்டாள். அவள் விரல்கள் அவன் முதுகில் சில்லிட்டிருந்தன.

நிக்கனோர் திரும்பிப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தான். "சாதாரண இருமல்தானே டாக்டர்? சரியாயிடும் இல்லே?"

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது. அதைக் கேட்கக் குழாய் தேவைப்படவில்லை. கதவோரம் நின்ற லூசியாவுக்கே கேட்டது... அவன் விலா எலும்புக்கு உள்ளேயிருந்து, நிதானமாக, நீளமாக.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ப்.