"உசிரு பிடி" என்ற செலின் சிஸ்டருக்கு

முகக்கவசத்துக்குள்ளும் அடங்காத முழக்கமே! கையிலே ஊசியும் கண்ணிலே கனிவும் ஏந்தி, வாயிலே மட்டும் வசவை வளர்த்த வள்ளலே! எங்கள் மைசூரு சமூக மருத்துவமனையின் பெண்கள் வார்டைப் பெற்ற பிள்ளைபோல் பேணி, இன்று பணி ஓய்வு பெறும் மூத்த செவிலியர் திருமதி செலின் பிரகாசம் அவர்களே!

வார்டு ஊழியர்களும், வார்டு ஜன்னலுக்கு நேர் எதிரே குடியிருக்கும் ஒரே காரணத்தால் உள்ளே நடப்பதையெல்லாம் அறிந்துகொள்ள நேர்ந்துவிட்ட பின்தெருவாசிகளும் ஒன்றுகூடித் தங்களை வணங்குகிறோம். நாங்கள் எட்டிப் பார்ப்பதில்லை. ஜன்னல் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தங்கள் பணிச்சிறப்பு முழுவதையும் பாடப் புகுந்தால் பந்தியில் சாம்பார் ஆறிவிடும். தங்கள் கணவர் பிரகாசம் அவர்கள் மதியச் சோற்றைக் கொண்டுவந்து, வாசலில் காத்திருந்த சலிப்பில் மீன் வறுவலில் பாதியைத் தாமே தீர்த்ததையும், அறிந்தும் அறியாதவர்போல் மீதியைத் தாங்கள் உண்டதையும் தெருவே அறியும். ஆகவே, முன்வரிசையில் பச்சைச் சேலையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறாரே தமிழக எல்லையோரக் கோபிநத்தத்து மாதம்மா, அவர் கதையொன்றை மட்டும் சொல்லி அமைகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் அவர் இங்கே நடந்து வரவில்லை, தூக்கி வந்தார்கள். நிமோனியா. மூச்சு மிஷினில் கிடந்து, ஒருவாறு மீண்டு, குழாயை எடுத்தபின் பெரிய டாக்டர் கன்னடத்தில் சொல்லிவிட்டார்: நுரையீரல் தானாக வேலை செய்யப் பழக வேண்டும், பழகாவிட்டால் மறுபடி மிஷின், மறுபடி மிஷின் என்றால் எதற்கும் தாம் உறுதி சொல்ல முடியாது. மாதம்மாவுக்கு அதில் பாதிதான் விளங்கிற்று. வார்டு வாசலோடு நிறுத்தப்பட்ட மகள் மோகனப்ரியாவின் முகம் மீதியை விளக்கிற்று. கேழ்வரகுக் கொல்லையில் யானை இறங்கினாலும் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு முன்னால் போகிறவர், அன்று கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார்.

அப்போதுதான் தாங்கள் எழுந்தருளினீர்கள். "உசிரு தகொள்ளி" என்றீர்கள். மூச்சை இழுத்தார். "உசிரு பிடி" என்றீர்கள். கன்னடத்தில் அது மூச்சை விடச் சொல்வது. முகக்கவசத்தின் வழியே மாதம்மாவின் காதுக்கு வந்து சேர்ந்ததோ நல்ல தமிழ்: உசிரைப் பிடி! சொன்னவர் பெரிய சிஸ்டர். சங்கதியோ உயிர்ச் சங்கதி. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். விரலில் மாட்டிய கருவி அலறிற்று. தாங்கள் "பிடி! பிடி!" என்று குரலை உயர்த்த உயர்த்த, அவரும் பிடியை இறுக்கினார். மறுநாளும் இதே கூத்து. இப்படியொரு பிடிவாதக்காரியை வாழ்நாளில் கண்டதில்லை என்று தாங்கள் புலம்பியது எங்கள் அடுப்படி வரை கேட்டது.

டாக்டர் மிஷினைக் கட்டிலருகே கொண்டுவரச் சொன்னார். சக்கரம் உருளும் சத்தம் கேட்டதும், அதுவரை மரியாதைக்காக மாதம்மா பேசிவந்த அரைகுறைக் கன்னடம் அவரைக் கைவிட்டு ஓடிற்று.

"ஏனுங் சிஸ்டரு," என்றார், மூச்சு வாங்க வாங்க. "புடி புடின்னீங்க... புடிச்சேன். இன்னும் எத்தனை நேரந்தானுங் புடிக்கறது? செத்துப்போயிருவேனாட்டம் இருக்குதுங்க!"

தாங்கள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தீர்கள். "அய்யோ, நீங்க தமிழா?"

"ஏன், நீங்களுமா? அப்பறம் என்னத்துக்குங் ரெண்டு பேரும் கன்னடத்துல கெடந்து அவதிப்பட்டோம்?"

பதற்றத்தில் தாங்கள் கன்னடத்தை அப்படியே தமிழாக்கினீர்கள். "பிடிக்காதீங்க அக்கா! விடுங்க, உசிர விடுங்க!"

மாதம்மா மறுபடி கட்டில் கம்பியைப் பற்றினார். "மிஷினையும் கொண்டாந்து நிறுத்திப்போட்டு உசுர உடச் சொல்றீங்களே, நாயமுங்களா?"

"மூச்சு! மூச்ச விடுங்க, தாயே!"

விட்டார். விட்ட மூச்சு பாதியில் சிரிப்பாகி, சிரிப்பு இருமலாகி, இருமலில் நெஞ்சை அடைத்திருந்தது கொஞ்சம் கழன்றது. கருவியின் அலறல் மெல்ல அடங்கிற்று. மிஷின் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அன்றே குணமாகிவிட்டார் என்று பின்தெரு சொல்வது மிகை. இழுத்து விட்டு, இழுத்து விட்டு, வாரங்கள் ஆயின. துணி அறைக்குள் போய்த் தாங்கள் அழுததை ஒருவரும் பார்க்கவில்லை; எல்லாருக்கும் தெரியும். அதன்பின் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கட்டிலருகே அமர்ந்து, தமிழிலே அதட்டித் தமிழிலே கொஞ்சினீர்கள். பிரகாசம் அவர்கள் மாதம்மாவுக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தார். அந்தக் கஞ்சியில் மட்டும் ஒரு வாய் குறைந்ததில்லை. இன்று நம் வார்டில் எவர் வந்து படுத்தாலும் காய்ச்சல் பார்க்கும் முன்னே, "வீட்டில் என்ன பாஷை?" என்று கேட்கிறோமே, அது தாங்கள் தொடங்கிவைத்த வழக்கம்.

நன்றியின் நாயகியே! தங்களை எப்படி வாழ்த்துவது என்று, இரண்டு பஸ் மாறி வந்து, துணையின்றிப் படியேறிய மாதம்மாவையே கேட்டோம். "அதே சொல்லுதானுங்" என்றார்.

ஆகவே, அம்மையே, உசிரு பிடி! கன்னடத்தில் கேட்டு, எங்களுக்காக இத்தனை காலம் அடக்கிவைத்த மூச்சை நிம்மதியாக விடுங்கள். தமிழில் கேட்டு, உயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நோயின்றி நூறாண்டு எங்கள் ஜன்னலுக்குத் தெரியும்படி நடமாடுங்கள்.

தங்கள் அதட்டல் கேளாமல் நாளை எப்படி விடியும் என்றறியாத,
பெண்கள் வார்டு ஊழியர்களும் பின்தெருவாரும்,
மைசூரு.