பெரியக்காவின் கேமரா

இரவு எட்டரை இருக்கும். ஒரு பக்கம் கிடங்குகளின் நீளச் சுவர், இன்னொரு பக்கம் கால்வாய். நடுவில் ஒரே ஒரு சாலை. விளக்குக் கம்பங்கள் உண்டு, ஆனால் ஒன்று விட்டு ஒன்றுதான் எரியும். அதில் ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள்...

தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் டிபன் பாக்ஸ், குடை, ஒரு சின்ன கேமரா.

சட்டென்று பைக்குள்ளிருந்து ஒரு சத்தம். ஸ்ஸ்ர்ர்க்...

கேமராவை ஆன் செய்தால் லென்ஸ் வெளியே நீளுமே, அந்தச் சத்தம். அவள் நின்றாள். துணியை உள்ளிருந்து யாரோ விரலால் குத்துவது போல பை ஓரிடத்தில் புடைத்தது.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவு சும்மாதான் ஆடுகிறது, காற்று. இது என் நண்பனின் சித்திக்கு நடந்தது. அவனிடம் அவளே சொன்னது. சித்தி கதை விடுகிற ஆள் இல்லை. ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். ரத்தம் பார்த்து, வாய் நாற்றம் பார்த்து, ஆட்கள் அலறுவதையெல்லாம் கேட்டுக் கேட்டு மரத்துப்போனவள்.

அன்று சாலையில் அவள் கேமராவை வெளியே எடுத்தாள். திரை ஒளிர்ந்தது. இருட்டுச் சாலை மங்கலாகத் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம். மனித முகத்தைக் கண்டால் அந்தக் கேமரா சுற்றிலும் கட்டம் போடும், தெரியும் அல்லவா? அந்தக் கட்டம்.

சாலையில் ஆளே இல்லை. கட்டம் மட்டும் ஒரு பெண்ணின் உயரத்தில் நின்றது. இவள் கேமராவைத் திருப்பினால், அதுவும் கூடவே நகர்ந்தது. கிராம்புத் தைல வாசனை வேறு... பல் மருத்துவமனை முழுக்க அந்த வாசனைதான். ஆனால் இது கால்வாயோரம்.

பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். பயந்தாளா என்று நண்பன் கேட்டானாம். "பயமா? எனக்கு அன்னைக்கு இருந்த ஆத்திரத்துல பேயே வந்திருந்தாலும் அறைஞ்சிருப்பேன்டா" என்றாளாம்.

ஆத்திரம் யார் மேல்? செத்துப்போன ஒருத்தியின் மேல்.

அந்த மருத்துவமனையில் இரண்டு உதவியாளர்கள். மூத்தவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். டாக்டரம்மாவுக்கு வலது கை, இடது கை, மூளை எல்லாமே அவள்தான். சித்தி சேர்ந்து ஒன்பது வருஷம். பஞ்சு எடுத்துக் கொடுத்ததும் கோப்பை கழுவியதும்தான் மிச்சம். நோயாளிகள்கூட வாசலிலேயே கேட்பார்கள், "அந்த அக்கா இல்லையா? அவங்க இருந்தா வலிக்காதே" என்று. எதிரில் நிற்கிற சித்தி என்ன சுவரா?

எல்லாவற்றையும்விட அந்தக் கேமரா. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பற்களைப் படம் எடுப்பார்கள். அது பெரியக்காவின் தனி ராஜ்யம். கிட்டத்தில் வைத்து எடுப்பதற்கான பூப்படக் குறி, வெளிச்சம் எவ்வளவு, வெண்மை எவ்வளவு, பொத்தானை அமுக்கி இரண்டு வினாடி கழித்து எடுக்கிற டைமர்... எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அமைத்து, மேலே இருக்கும் சக்கரத்தில் 'சி' என்ற எழுத்தில் சேமித்து வைத்திருந்தாள். சக்கரத்தை அங்கே திருப்பினால் போதும், எல்லாம் அவள் வைத்தபடி வந்து நிற்கும். ஒரு தடவை சித்தி ஆசையாகக் கையில் எடுத்தபோது, "கொடு, நான் எடுக்கறேன். உனக்குக் கை நடுங்கும்" என்று வாங்கிக்கொண்டாள். சொல்லித் தரவே இல்லை.

திடீர்க் காய்ச்சல். நாலே நாளில் பெரியக்கா போய்விட்டாள். சாவு வீட்டில் எல்லோரும் அழுதார்கள். சித்திக்குக் கண்ணீர் வரவில்லை. உள்ளுக்குள் ஒரே ஒரு எண்ணம்... இனி கேமரா எனக்கு.

ஆனால் அவள் எடுத்த படங்கள் மஞ்சள் பூத்து வந்தன. பல் தெளிவில்லை, மூக்குத்தான் தெளிவாக இருந்தது. டாக்டரம்மா முகம் சுளித்து, "எதுக்கு இந்தக் கஷ்டம்? அவதான் 'சி'யில வெச்சிட்டுப் போயிருக்காளே, அதுல எடு" என்றார். எடுத்தாள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. டாக்டரம்மா திரையைப் பெரிதாக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பாத்தியா... செத்தும் அவதான் எடுக்கறா."

அந்த ஒரு வார்த்தை. அதற்காகத்தான் அன்றிரவு, பழகிக்கொள்கிறேன் என்று சொல்லிக் கேமராவை வீட்டுக்கு எடுத்து வந்தாள். சாலையில் அப்படி நடந்த பிறகும் அவள் மாறவில்லை. சமையலறை மேடையில் வைத்து, பேட்டரியைப் போட்டு, மெனுவுக்குள் போய், எல்லா அமைப்புகளையும் அழித்துவிட்டுப் புதிது போல ஆக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தாள். நிச்சயமா என்று திரை கேட்டது.

"நிச்சயம்டி" என்று வாய்விட்டுச் சொல்லி அமுக்கினாள்.

'சி' காலியானது. அன்றைக்கு மாதிரி நிம்மதியாக அவள் தூங்கியதே இல்லையாம்.

பிறகு உட்கார்ந்து படித்தாள். எந்த எண்ணில் வைத்தால் படத்தில் புள்ளி புள்ளியாக வராது, ஃப்ளாஷ் மேல் மெல்லிய காகிதம் ஒட்டினால் ஈறு எப்படிப் பளிச்சிடாமல் இருக்கும் என்று ஒவ்வொன்றாக. டைமரை மட்டும் வைக்கவில்லை. என் கை நடுங்காது என்று வீம்பு. தன் கணக்கில் எல்லாவற்றையும் 'சி'யில் சேமித்தாள். படங்கள் நன்றாகவே வந்தன. டாக்டரம்மா, "பரவாயில்லையே!" என்றார். ஒன்பது வருஷத்தில் முதல் பாராட்டு. சித்தி கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளாம்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக...

ஒரு நாள் மதியம், மாவுக்கட்டு மாவில் வார்த்த பல்லச்சை மேசையில் வைத்துப் படம் எடுத்தாள். பொத்தானை அமுக்கினால், உடனே எடுக்கவில்லை. பிப்... பிப்... இரண்டு வினாடி கழித்து, க்ளிக். இவள் வைக்காத டைமர். படத்தைப் பார்த்தால் அடியில் ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. எடுக்கும்போது யாரோ கண்ணை மூடிவிட்டார்கள், மறுபடி எடுக்கவும் என்று. படத்தில் இருந்தது வெள்ளை மாவுப் பற்கள் மட்டும். அதற்கு ஏது கண்?

மறுபடி எடுத்தாள். மறுபடியும் அதே எச்சரிக்கை. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக்கொண்டே இருந்தாள். அது சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே இன்னொன்று. மேல் வரிசைப் பற்களைப் படம் எடுக்க வேண்டுமென்றால் வாய்க்குள் நீளமான கண்ணாடி ஒன்றை நுழைத்து, அதில் தெரிகிற பிம்பத்தைத்தான் எடுப்பார்கள். சித்தி எடுத்தாள். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு வந்து திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கண்ணாடிக்குள் பற்கள். பற்களுக்கு அப்பால், நோயாளியின் தலைமாட்டில் குனிந்து பார்க்கும் ஒரு முகம். முகமூடி போட்டிருந்தது. மேலே மூக்குக்கண்ணாடி. அதன் ஒரு காது ஒடிந்து, வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருந்தது. பெரியக்கா கடைசிவரை மாற்றாமல் போட்டுக்கொண்டிருந்த அதே கண்ணாடி.

சித்திக்கு முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா அலறவில்லை, பின்வாங்கவில்லை. அவர் கண் கலங்கியது. திரையை விரலால் தடவினார்.

"வேலையை விட்டுட்டுப் போக அவளுக்கு மனசே வரல பாரு..."

சித்தி நண்பனிடம் சொன்னாள்: "அந்த நிமிஷம் எனக்குப் பயம் போயிருச்சுடா. வயிறுதான் எரிஞ்சுது. உசிரோட நான் நிக்கறேன். அவங்க அந்தச் செத்த மூஞ்சியைத் தடவிக்கிட்டு நிக்கறாங்க."

டாக்டரம்மா அந்தப் படத்தைத் தன் கணினியில் ஏற்றி வைத்துக்கொண்டார். காலையில் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பார்ப்பார். சித்தி வெளியே நின்று கதவிடுக்கு வழியாகத் திரை வெளிச்சத்தைப் பார்ப்பாள்.

சில மாதங்கள் கழித்து ஊரின் மறுகோடியில் இரண்டாவது கிளை திறந்தது. யாரைப் பொறுப்பில் போடுவது என்று பேச்சு வந்தபோது டாக்டரம்மா சொன்னார், "அவ இருந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டு அவகிட்ட விட்டிருப்பேன். சரி... நீ போ."

அப்படிக் கிடைத்தாலும் கிடைத்ததுதானே? சித்தி போனாள். பழைய கேமராவை அதன் இழுப்பறையிலேயே போட்டுப் பூட்டினாள். புதுக் கேமரா ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து வாங்கினாள். பெட்டியைத் தன் கையால் பிரித்தாள். அதில் யாரும் எதையும் சேமித்து வைக்கவில்லை. யார் முகமும் அதற்குத் தெரியாது. அறையில் புது பெயிண்ட் வாசனை, நாற்காலியில் இன்னும் உரிக்காத பிளாஸ்டிக் உறை. இங்கே பெரியக்கா கால் வைத்ததே இல்லை.

முதல் நாள், முதல் ஆள், ஓய்வுபெற்ற ஒரு பேருந்து ஓட்டுநர். காலை வெயில் ஜன்னல் வழியே அறையெங்கும் விழுந்திருந்தது. டாக்டரம்மா வந்துசேரவில்லை. அதற்குள் படம் எடுத்து வைக்கலாம் என்று பெரியவரைச் சாய்த்துப் படுக்கவைத்தாள். விளக்கு கூசுமே என்று கண்ணின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டாள். வலது கையில் கேமரா. இடது கை விரலால் அவர் உதட்டோரத்தை இழுத்துப் பிடித்தாள். உதவிக்கு இன்னும் ஆள் போடவில்லை. அறையில் அவர்கள் இருவர்தான்.

பெரியவர் முனகினார். இவள் விரலை எடுத்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏம்மா, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா நான் என்ன பண்றது? யாராவது ஒருத்தர் பிடிங்க."

"நான் ஒருத்திதான்யா இருக்கேன்."

"வெளையாடாதீங்கம்மா. இந்தப் பக்கம் ஒரு கை சூடா இருக்கு, நகம் குத்துது. அந்தப் பக்கம் இருக்கற கை நல்லா சில்லுனு... வலியே தெரியாமப் பிடிக்குது." துண்டுக்கு அடியில் அவர் முகம் மறுபக்கம் திரும்பியது. "அந்தம்மாவையே பிடிக்கச் சொல்லுங்க. நீங்க விட்டுருங்க."

சித்தி கேமராவோடு இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

பெரியவர் தலையை நேராக்கி வாயைத் திறந்தார். அவரைத் தொடுவார் யாரும் இல்லை... அவருடைய உதடுகள், இரண்டு ஓரத்திலும் ஒரே அளவாக, மெதுவாக, கடைவாய்ப் பல் தெரியும்வரை விலகி, அப்படியே நின்றன.

அவர் தொண்டைக்குள்ளிருந்து சுகமாக ஒரு சத்தம் வந்தது.

"ஆங்..."