வெற்றுக் கட்டத்தைச் சுழியமாக்க விடாத எங்கள் இணை இயக்குநருக்கு

எண்களுக்கு நடுவே வாழ்ந்தும் எங்களை எண்ணிக்கையாகப் பாராத ஏந்தலே! கட்டந்தோறும் கண்வைத்துக் கணக்கெடுப்பைக் காத்த காவலரே! புள்ளியியல் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் முப்பத்தோர் ஆண்டுகள் முகம் கோணாமல், சில நாள் நன்றாகவே கோணியும், முறைசெய்த எங்கள் இணை இயக்குநரே! முதுகுக்குப் பின்னே ‘கட்டம் மேடம்’ என்று அழைத்ததைத் தாங்கள் அறியமாட்டீர்கள் என இத்தனை காலம் நம்பியிருந்த அப்பாவிகளின் அன்பு வணக்கம்!

குடிநீர் எவர் வீட்டை எட்டியது, பள்ளி எந்தப் பிள்ளையை எட்டவில்லை என நீடித்த வளர்ச்சி இலக்குகளின் நிலவரத்தை ஊரறியச் சொல்லும் இணையதளம் ஒன்று வேண்டும் என்று மேலிடம் கேட்ட நாளை மறப்போமா! வேறொரு நாட்டின் புள்ளியியலார் எழுதி, எவரும் எடுத்தாளலாம் என்று திறந்து வைத்திருந்த மென்பொருளைத் தாங்கள் கொண்டுவந்தீர்கள். “ஓசியில வர்றது உருப்படுமா மேடம்?” என்று எங்களில் ஒருவர் கேட்டார். “ஓசி இல்லப்பா, கைமாத்து. நாம புதுசா ஏதாவது செஞ்சா அவங்களுக்கும் கொடுக்கணும்” என்றீர்கள்.

கொடுத்தோம். களப்பணியாளர் அனுப்பும் அட்டவணைகளை அப்படியே படித்துப் பக்கத்தில் ஏற்றும் பகுதி ஒன்றை நாங்கள் எழுதிச் சேர்க்க, நான்கு நாடுகளின் அரசுகள் அதை எடுத்துக்கொண்டன. மூன்றாம் மாடியில் ஒரு மாதம் எவர் காலும் தரையில் பாவவில்லை. வந்தது வினை!

தகவல் இன்னும் வந்து சேராவிட்டால் கட்டத்தில் சிறு கோடு கிழிப்பது நம் அலுவலகத்தின் பழைய வழக்கம். அந்தக் கோட்டை எங்கள் பகுதி சுழியம் என்று படித்துவிட்டது. கணக்கெடுப்பவர் கால் படாத பதினொரு வட்டாரங்களில் ‘குடிநீர் இல்லாத குடும்பங்கள்: சுழியம்’ என்று பக்கம் பளபளத்தது. அதைப் பார்த்துத் தண்ணீர் லாரி அனுப்புவோர் தம் பட்டியலிலிருந்து அந்த வட்டாரங்களை நீக்கவும் தொடங்கிவிட்டார்கள். எவர் கண்ணிலும் படாததைத் தாங்கள் கண்டீர்கள். “பதினோரு இடத்துல ஒரு வீட்டுக்குக்கூடக் குறை இல்லையா? என் வீட்டுக் குழாய்லயே காத்துதானே வருது!” என்று எழுந்து நின்றீர்கள்.

இயக்குநர் நாற்காலிக்கான தங்கள் பதவி உயர்வுக் கோப்பு அந்த வாரம்தான் மேலிடத்து மேசையில் இருந்தது. “சத்தம் போடாம திருத்திட்டுப் போங்க, யாருக்குத் தெரியப் போகுது?” என்று மேலதிகாரி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். “சத்தம் போடலைன்னா நம்மகிட்ட வாங்கின நாலு நாட்டுக்கும் எப்படி சார் கேக்கும்?” என்றீர்கள். அன்று மாலையே, அந்த மென்பொருளை எடுத்தாளும் எல்லா நாட்டவரும் படிக்கும் பொதுப் பதிவேட்டில், ‘இந்த நிரல் வரியைச் சரிபாராமல் ஒப்புதல் அளித்தது நான்’ என்று தங்கள் பெயரிட்டு எழுதினீர்கள். மூன்று நாள் அமர்ந்து தாங்களே கண்ட திருத்தத்துக்கு மட்டும் ‘அலுவலகத்தார்’ என்று போட்டீர்கள்!

பதினொரு வட்டாரங்களும் பட்டியலுக்குத் திரும்பின. அந்த நான்கில் இரண்டு நாடுகளிலும் அதே பொய்ச் சுழியங்கள் பிடிபட்டன. தங்கள் கோப்போ போன வழியே திரும்பியது. அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தபோது முதலில் கைதட்டியவர் தாங்கள். எங்களுக்கு வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது. தங்களுக்கு வருத்தமே இருந்திருக்காது என்று சொல்லி வைக்க மாட்டோம். மறுநாள் தங்கள் மேசையில் தேநீர் ஆறி ஆடை படிந்திருந்ததை நாங்கள் பார்த்தோம்.

இனி, “இன்னைக்காவது வீட்டுக்கு வருவாளா, இல்ல கட்டத்துக்குள்ளயே குடியிருக்கப் போறாளா?” என்று மாலைதோறும் தொலைபேசியில் கேட்ட தங்கள் கணவருக்கு, இன்று பணி நிறைவு பெறும் தங்களை முழுதாய் ஒப்படைக்கிறோம். வரவு வைத்துக்கொண்டதாக அவர் கையெழுத்திட வேண்டும்! நோயற்ற உடலும் நகைமாறா முகமுமாய்த் தாங்கள் நெடுங்காலம் வாழ்க! வரும் நாட்களின் கட்டங்கள் வெறுமையாய் இருந்தால் அவற்றைச் சுழியம் என்று எவரும் படிக்காதிருப்பாராக. தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே அவற்றில் எழுதுவீராக!

நிறைவாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். தவறான பதிவு எவ்வளவு பழையதானாலும் திருத்தாமல் விடலாகாது என்று எங்களுக்குச் சொன்னவர் தாங்கள். ஆகவே தங்களைக் கேளாமலே, நான்கு நாட்டு நண்பர்களின் இசைவோடு, இன்று காலை அந்தப் பொதுப் பதிவேட்டைத் திறந்தோம். திருத்தம் கண்டவர் என்னுமிடத்தில் ‘அலுவலகத்தார்’ நீங்கித் தங்கள் பெயர் ஏறிவிட்டது. ‘ஒப்புதல் அளித்தது நான்’ என்ற தங்கள் வரி அங்கேயே இருக்கிறது. அதன் கீழே, ‘அந்தப் பிழையை எழுதியது நான்’ என்று இத்தனை ஆண்டுகளாய் வராதிருந்த ஒரு வரி, அதற்குரியவர் பெயரோடு சேர்ந்திருக்கிறது. இம்மடலைத் தங்கள் முன் நின்று வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாய்க் கேட்டு வாங்கிய எங்கள் நிரலாளர்தான் அவர். இந்த இடத்தில் அவர் குரல் உடைந்தால், தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

என்றும் தங்கள் அன்பில்,
மூன்றாம் மாடியார் அனைவரும்