குழாயில் வந்தால் பாதி

இந்த ஸ்டேஷன் காப்பிக்கு எங்க ஆத்துத் தண்ணியே தேவலை, மேடம். நிறம் ஒண்ணுதான், அதுல நாத்தம் கம்மி. சரி, கொண்டு வந்துட்டீங்க, குடிச்சுக்கறேன்.

லமார் என் தங்கச்சி கொரினோட புருஷன். தங்கமான மனுஷன். அதை முதல்ல எழுதிக்கோங்க. பதினோரு வருஷமா நானும் அவனும் ஒகீச்சி ஆத்துல சாமான் தேடினோம். நூத்தறுபது வருஷத்துக்கு முன்னால, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல பட்டாளம் இந்த ஜார்ஜியா வழியா போனப்ப ஆத்துல கொட்டிட்டுப் போனதெல்லாம் இன்னும் அடியிலதான் கிடக்கு. அனுமதிச் சீட்டு எங்ககிட்ட கிடையாது. அதையும் எழுதிக்கோங்க, பெரிய குத்தமாச்சே.

மிதவை மேல ஒரு சின்ன இன்ஜின். அது ரெண்டு வேலை பார்க்கும். தடிமனான குழாய் வழியா ஆத்தடி மண்ணை உறிஞ்சி மேல தட்டுல கொட்டும். மெல்லிய குழாய்ல, அடியில இருக்கறவனுக்கு மூச்சுக்காத்து அனுப்பும். எல்லாம் நான் கட்டினது. ஸ்கூல் பஸ் மெக்கானிக்கா முப்பது வருஷம் இருந்தவன், இதுகூடக் கட்டமாட்டேனா?

சட்டமும் நான் போட்டதுதான். குழாய் வழியா தட்டுக்கு வந்தா ஆளுக்குப் பாதி. கையால எடுத்தா எடுத்தவனுக்கே முழுசு. அப்ப முங்கினவன் நான். அதனால ரொம்ப நியாயமான சட்டமாப் பட்டுச்சு. ரெண்டாவது வருஷம் என் காது சவ்வு கிழிஞ்சுது, தண்ணிக்குள்ள தலையை விடாதேன்னுட்டார் டாக்டர். லமார் இறங்கினான். சட்டம் அப்படியே இருந்துச்சு.

அந்தத் தண்ணியில முழங்கைக்கு அப்பால ஒண்ணும் தெரியாது. தடவித்தான் பார்க்கணும். லமாருக்கு விரல்லதான் கண்ணு, கையுறை மாட்டவே மாட்டான். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அந்தக் காலத்துச் சிப்பாய் போட்ட, ரெண்டு எழுத்து பொறிச்ச பித்தளை பெல்ட் பக்கிள். என் தட்டுல என்ன வந்துச்சுன்னு கேளுங்க. ஆணி. ஈயக் குண்டு. ஒரு தடவை யாரோ ஒரு புண்ணியவானோட பல்செட். லமார் மேல வந்து கையை விரிப்பான், உள்ள பக்கிள் இருக்கும்.

"கையில எடுத்தது மச்சான், கோவிச்சுக்காதே. உனக்குத்தான் ஆணி இருக்கே, ஒரு வீடு கட்டிக்கோ."

"கட்டறேன் மாப்ள. நீ குடி வராம இருந்தாச் சரி."

சிரிப்போம். வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கோம் மேடம்.

போன மார்ச்ல சர்ச் ஹால்ல, பழைய சாமான் சேர்க்கற எங்க சங்கத்துக் கண்காட்சி. லமாரோட கண்ணாடிப் பெட்டியில நாப்பத்தோரு சாமான். ஒவ்வொண்ணுக்கும் கீழ 'கண்டெடுத்தவர்: லமார் டீக்'. கடைசியா ஒரு மூலையில பொடி எழுத்துல, 'படகு: ஆல்ட்டன்'. அது படகுகூட இல்ல, மிதவை. "உன் பேரும் இருக்கு பாருண்ணா, நான்தான் போடச் சொன்னேன்"னு கொரினுக்கு ஒரே பெருமை. எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா அவ சுட்டுட்டு வந்த பீச் பழ கேக் ரெண்டு துண்டு சாப்பிட்டேன், குறை சொல்லக்கூடாது.

அக்டோபர்ல தண்ணி வத்தினதும் போனோம். இந்த வேலையில முதல் பாடம் என்னன்னா, இன்ஜின் புகை ஒரு பக்கம் போகணும், மூச்சுக்காத்து அனுப்பற கம்ப்ரஸர் காத்து இழுக்கற வாய் மறுபக்கம் இருக்கணும். காத்தடிக்கற திசை பார்த்து மிதவையைக் கட்டணும். நான் சரியாத்தான் கட்டினேன். லமார் இறங்கி அரை மணி நேரம் கழிச்சு, கயித்தை அவுத்து மிதவையைத் திருப்பிக் கட்டினேன். தெரிஞ்சேதான். புகை நேரா அந்த வாய்க்குப் போச்சு, அங்கேர்ந்து அவன் மூச்சுக்கு. காத்து திடீர்னு திசை மாறிடுச்சுன்னு நீங்களே அறிக்கையில எழுதினீங்க. படிச்சவங்க சொல்றப்ப நான் எதுக்குக் குறுக்க பேசணும்னு விட்டுட்டேன்.

அடியில இருக்கறவன் மூச்சுக் குழாயை மூணு தடவை வெட்டி இழுத்தா, தூக்குன்னு அர்த்தம். மூணு தடவை இழுத்தான். கேலிக்காரப் பய, சும்மாகூட இழுப்பான். அவிச்ச கடலை கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, அதைத் தின்னு முடிச்சேன். அப்புறம் தூக்கினேன்.

அவன் உள்ளங்கையில ரெண்டு எழுத்து அச்சுக் குத்தின மாதிரி பதிஞ்சிருந்துச்சுங்கறீங்க. பக்கிள்ல இருக்கற அதே எழுத்து. பக்கிள் தட்டுல வந்ததுன்னு நான் அன்னிக்குச் சொன்னேன், அப்ப கையில இருந்தது தட்டுக்கு எப்படிப் போச்சுன்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. போன மாசமே கேட்டிருக்கலாம்.

இறுக்கிப் பிடிச்சிருந்தான். விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். அப்படியே பாக்கெட்ல போட்டிருந்தா யாருக்குத் தெரியும்? ஆனா கையில எடுத்தது அவனோடது. அடுத்தவன் பொருள் மேல கை வைக்கறவன் நான் இல்ல. இன்ஜின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. மண்ணு உறிஞ்சற பெரிய குழாயோட வாயை மேல இழுத்து, பக்கிளை அதுக்கு முன்னால விட்டேன். லபக்குன்னு முழுங்கிச்சு. சுத்தி வந்து தட்டுலேர்ந்து எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு அழகு தெரியுமா. அதுக்கப்புறம்தான் உங்களுக்கு போன் பண்ணேன்.

கொரின்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க மேடம். அதுல பாதி அவளுக்குச் சேரும். அவ அண்ணன் அவளை ஒரு நாளும் ஏமாத்த மாட்டான்.