மூச்சு இழுக்கும் தொட்டி

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி கழுத்தில் சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் அட்டை தொங்கியது. இன்னொருத்தி மடியில் தக்காளிக் கூடை.

"எங்க பூச்சியெல்லாம் பொழச்சுக்கிச்சுங்க" என்றாள் அட்டைக்காரி.

"பூச்சி பொழச்சா சந்தோசமுங்களா? நாங்க மருந்தடிச்சுக் கொல்றோமுங்க."

"இது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாங்க. அதுக தின்னாத்தான் சாயத்தண்ணி சுத்தமாகும். நாலு நாளைக்கு முன்னால ஏதோ பட்டறைல இருந்து நைட்ரைட்டும் ஆசிட்டும் ஒண்ணா வந்து தொட்டில கலந்துருச்சு. ரெண்டும் சேர்ந்தா நைட்ரிக் ஆக்சைடுங்க. அந்த வாயு அதுக மூச்சையே அடைச்சுரும்."

"அப்பறமுங்க?"

"செத்துருச்சுன்னுதான் நெனச்சோம். ஆனா அதுக ஒடம்புக்குள்ளயே ஒரு என்சைம் இருக்குதுங்க. அது விஷத்தப் புடிச்சு, ஆக்சிஜனோட சேர்த்து, கெடுதலில்லாத நைட்ரேட்டா மாத்திரும். அதுக்குக் காத்து வேணுமில்லீங்க? விடாம காத்தடிக்கிற ப்ளோயர ஓட்டினோம். நேத்து சாயங்காலம் ப்ளோயர நிறுத்திப் பார்த்தேன். தண்ணில ஆக்சிஜன் சரசரன்னு எறங்குது. அப்படின்னா அதுக எல்லாம் உசுரோட மூச்சு இழுக்குதுங்க."



தக்காளிக்காரி அவள் பக்கம் திரும்பினாள்.  "எங்கூட்டுக்காரரு சாயப்பட்டறைலதானுங்க. உங்க தொட்டிக்குச் சாயத்தண்ணி உடக்கூடாதுன்னுட்டாங்கன்னு நாலு நாளா ஊட்லயே உக்காந்திருக்காரு. இனி உடலாமுங்களா?"

"மத்தியானத்துல இருந்து கொஞ்சங் கொஞ்சமா உடச் சொல்லியாச்சுங்க."

தக்காளிக்காரி கூடையை அட்டைக்காரி மடியில் வைத்துவிட்டு, செல்போனை எடுத்தாள்.

"ஏனுங்க, சோறு அடுப்பு மேல இருக்குது. தின்னுட்டு வேலைக்குக் கெளம்புங்க."